பகல் பூட்டு

மாசியின் நடுவிலிருந்து பங்குனி முடியும் வரை நான் வீட்டில் தனியாக இருந்தேன். மகளின் பிரசவத்துக்காக மனைவி சித்தூர் போயிருந்தாள். ரேணிகுண்டாவில் ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலைக்காலம் முழுக்கப் பதிவேடு எழுதிய கை எனக்கு. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். கரண்ட் போன நேரம், குழாயில் தண்ணீர் வந்த நேரம், தெருவில் யார் வீட்டு வாசலில் யார் நின்றது, எல்லாம். பார்த்ததை மட்டும் எழுதுவது என் வழக்கம். கேள்விப்பட்டதை எழுத மாட்டேன்.

அதோடு இன்னொரு நோட்டும் உண்டு. அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் அமைத்த காலனிகளின் வரலாற்றைப் படித்து, வருட வரிசையில் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன். யார் ஆண்டார்கள், யாருக்கு ஓட்டு இருந்தது, யாருக்கு இல்லை என்பதெல்லாம் அதில் வரும். "நம்ம ஊரு தாலுக்கா ஆபீஸே உங்களுக்குப் புரியல, அமெரிக்காவுக்குப் போயிட்டீங்க" என்பாள் மனைவி.

அந்த மாதங்களில் நான் எழுதிக்கொண்டிருந்தது மாசசூசெட்ஸ் பக்கத்து ஊர்களைப் பற்றி. வெளியூரிலிருந்து வந்து தங்கிய ஏழைகளின் வீட்டுக்கு அந்த ஊர்க் காவலர் போவார். "இந்த ஊரை விட்டுப் போய்விடுங்கள்" என்று சொல்வார். சொன்னதைப் பதிவு செய்வார்கள். பெரும்பாலும் அதோடு சரி. பலர் போகவில்லை, அவர்களை யாரும் இழுத்து வெளியே போடவும் இல்லை. அதே வீட்டில் அடுப்பு மூட்டினார்கள், அதே கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். ஆனால் நாளைக்கு நோயில் விழுந்தால் ஊர் கஞ்சி ஊற்ற வேண்டியதில்லை. பதிவேட்டின்படி அவர்கள் அந்த ஊர்க்காரர்களே இல்லை. இந்த இடத்தை எழுதி முடித்துப் பேனாவை மூடினேன். கண்ணெதிரே நடமாடும் ஒரு ஆளை, இல்லை என்று எழுதி முடித்துவிடலாம் போலிருக்கிறது.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் முதல் சத்தம் கேட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது. எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து உருண்டு நிற்கும் சத்தம்.

அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அங்கே வாடகைக்கு இருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். சத்தியவேடு பக்கத்து ஆள். கணவன் விட்டுப் போய் வெகுநாள் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குக் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்புவாள். மாசிக் கடைசியிலிருந்து அவளைக் காணவில்லை. காலையில் நான் கதவைத் திறக்கும்போதே அவள் வாசல் கதவில் பெரிய பூட்டு தொங்கும். சொந்த ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டம்ளர் சத்தம் கேட்டதும் வெளியே போய்ப் பார்த்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பூட்டு வெயிலில் காய்ந்து, தொட்ட விரல் சுட்டது. ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. திரும்பி வந்து சுவரில் காதை வைத்தேன். ஃபேன் ஓடுவது போலிருந்தது. பிறகு அது என் வீட்டு ஃபேனோ என்று சந்தேகம் வந்தது. எழுந்து போய் அதை நிறுத்தினேன். சுவருக்கு அப்பால் அது ஓடிக்கொண்டேயிருந்தது.

அன்றைய குறிப்பில் எழுதியது: "பக்கத்து வீடு பூட்டு." பார்த்தது அது மட்டும்தான்.

வியாழக்கிழமை யாரோ இருமினார்கள், ஒரே ஒரு தடவை. அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உள்ளே உட்காரப் பிடிக்கவில்லை.

இந்த நாட்களில்தான் வார்டு சச்சிவாலயத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வார்டு ஆபீஸை இங்கே ஆந்திராவில் எல்லோரும் சச்சிவாலயம் என்றுதான் சொல்கிறோம். வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் வீட்டுமனை கொடுப்பதற்கான விசாரணை அது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் மனு போட்டிருந்தாள். மனு போட்டவர் இந்த ஊரில்தான் குடியிருக்கிறார் என்று நேரில் பார்க்க வேண்டும். மூன்று தடவை வந்தும் ஆள் இல்லை என்றால் பெயரை எடுத்துவிட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் தடவை வந்தபோது, "தாளம் வேசி உந்தி சார்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னார்: "பூட்டினு போயிட்டாங்க." நான் ஆமாம் என்றேன். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிவத்தை நீட்டினார்.

"மூணு நாளும் வீடு பூட்டித்தானே இருந்தது? நீங்க டைரி எழுதறவரு, உங்களுக்குத் தெரியாததா?"

நாட்குறிப்பை எடுத்து வந்து மூன்று தேதிகளையும் காட்டினேன். மூன்றிலும் பூட்டு என்றே இருந்தது. "சார் மாதிரி தெருவுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்று சிரித்தார். நான் பேனாவைத் திறக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சென்றது, யாரோ புரண்டு படுப்பதுபோல.

அந்த அம்மாவும் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார்.

"எலி இருக்குதா சார்?"

"இருக்கும்மா" என்றேன். கையெழுத்துப் போட்டேன். மூன்று தேதிகளையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து மனைவி சித்தூரிலிருந்து வந்தாள். மறுநாள் சாயங்காலம் எங்கள் பின்கதவைத் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவள் கண்கள் உள்ளே போய், முகம் வெளுத்திருந்தது.

"என் பேரை அடிச்சிட்டாங்கக்கா. நான் இங்க இல்லியாம். ஆறு வருசமா இங்கதான கீறேன்."

"பகல்ல எங்க போயிருந்த?" என்றாள் மனைவி.

"எங்க போறது? உள்ளதான் தூங்கினு கீறேன். மாசிக் கடைசியில நைட் ஷிப்டு போட்டுட்டாங்க. முன்னாடி பூட்டு தொங்கட்டும்னு விட்டுட்டு, போறதும் வர்றதும் சந்து வழியா பின்னாலதான், விடிஞ்சா வந்து படுத்துக்குவேன். பூட்டு தொங்கினா ஆளு இல்லன்னு போயிடுவாங்க. சும்மா சாத்தியிருந்தா, ஒண்டியா ஒரு பொம்பள உள்ள தூங்கறான்னு எவனுக்காவது தெரிஞ்சிடும். எங்க கம்பெனி லைன்ல நைட்டு போற பொம்பளைங்க அல்லாரும் இப்படித்தான்."

கதவு தட்டிய சத்தம் மூன்று தடவையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. பயந்துகொண்டு, மூச்சை அடக்கிப் படுத்திருந்திருக்கிறாள்.

"யாரோ பக்கத்து வூட்டு ஆளு கையெழுத்துப் போட்டாங்களாம். யாருன்னு காட்ட மாட்டேன்றாங்க" என்றாள். நாங்கள்தான் பக்கத்து வீடு. இன்னொரு பக்கம் காலி மனை.

மனைவி என் பக்கம் திரும்பினாள். கையெழுத்துப் போட்டது, இருமல் கேட்டது, எலி என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "பூட்டைத்தான அண்ணா பார்த்தீங்க" என்றாள். மனைவிதான் விடவில்லை. "எலி இருமுமா? ஒரு வார்த்தை சொல்லத் தோணலியா உங்களுக்கு? உங்க டைரியில கொள்ளி வைக்க."

காலனிகள் சிலவற்றில் கல்யாணமாகாத தனி ஆள் தனியாகக் குடியிருக்கக் கூடாது என்றே சட்டம் இருந்தது. ஊர் அனுமதி வேண்டும், அல்லது ஏதாவது ஒரு குடும்பத்தின் தலைவருக்குக் கீழே போய் இருக்க வேண்டும். அதை எழுதியபோது, எந்தக் காலத்து மூடத்தனம் என்று ஓரத்தில் குறித்திருந்தேன். எங்கள் தெருவில் அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு பெண் தன் வீட்டிலேயே தான் இல்லாததுபோல் படுத்திருந்தாள்.

ஆட்சேபம் கொடுக்கக் கடைசி நாள் மறுநாள்தான். மூன்று பேரும் சச்சிவாலயத்துக்குப் போனோம். அவள் உள்ளேதான் இருந்தாள் என்று நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு அதே அம்மா கேட்டார்: "அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்கு எழுதினது பொய்யா?"

"ரெண்டும் நெஜம்மா. அன்னைக்குப் பார்த்ததை எழுதினேன். கேட்டதை எழுதல."

அவர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, கட்டில் சத்தம் அவருக்கும் ஞாபகம் வந்ததோ என்னவோ, தலையைக் குனிந்து மறுவிசாரணை என்று எழுதினார். "நாளைக்குப் பதினொரு மணிக்கு வரேன். கதவு திறந்திருக்கணும். வாசல்ல நில்லுமா, போட்டோ எடுக்கணும்."

மறுநாள் அவள் குளித்து, நல்ல புடவை கட்டி, திறந்த கதவின் முன்னால் நின்றாள். போட்டோ எடுப்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. "இத்தினி நாளா உள்ளதான் இருந்தியா? நாங்க பேயின்னு இல்ல நெனச்சோம்" என்று எதிர்வீட்டு அம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பயந்தது நான் ஒருவன் மட்டுமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெயர் திரும்ப வந்துவிட்டது. அடுத்த வாரம் சச்சிவாலயத்துச் சுவரில் புதிய பட்டியல் ஒட்டினார்கள். யாருக்கு ஆட்சேபம் இருந்தாலும் சொல்லலாம், அதற்காகத்தான் எல்லா விவரமும். அவள் பெயர், வயது, கதவு எண். கடைசிக் கட்டத்தில்: தனித்து வாழும் பெண்.

அதற்கு மூன்றாம் நாள், பன்னிரண்டு மணி சுமார். நானும் மனைவியும் வாசலில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். பைக் ஒன்று தெருமுனையில் நின்றது. முன்பின் பார்த்திராத ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். போனைப் பார்த்துக்கொண்டு, கதவு எண்களை வாய்விட்டுப் படித்தபடி நடந்து வந்தான். பக்கத்து வீட்டு வாசலில் நின்றான். கதவில் பூட்டு தொங்கியது. அவன் அதைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேன் சட்டென்று நின்றது.

"யாரு வேணும்?" என்றாள் மனைவி.

அவன் அவள் பெயரைச் சொன்னான். வயதையும் சொன்னான். தேனொழுகும் மெதுவான குரல். "பகல்ல வீட்லதான் இருப்பாங்களாமே?"

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல."

"லிஸ்ட்ல இருக்குதேம்மா."

"லிஸ்ட்ல இருந்தா லிஸ்ட்டுக்குப் போயி கேளு. இந்த வூடு பூட்டிக் கெடக்குது, கண்ணு தெரியல?"

அவன் என் பக்கம் திரும்பினான். "நெஜமா சார்?"

"யாரும் இல்லப்பா" என்றேன்.

அவன் போனை உயர்த்திக் கதவு எண்ணைப் படம் எடுத்துக்கொண்டான். பைக்கை உடனே கிளப்பவில்லை. தெருமுனையில் வெயிலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாங்களும் உள்ளே போகவில்லை.