மூளைக்குள் கசிந்த நீலம்

நேற்று என் வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போடும்போது கை தவறிப் பாட்டிலே வாளிக்குள் கவிழ்ந்துவிட்டது. வீட்டில் வாங்கிய திட்டை விடுங்கள். அந்த நீலத்தைப் பார்த்ததும் புதுக்கோட்டையில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த ஆய்வகமும் எங்கள் வழிகாட்டியும் ஞாபகம் வந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலையில் அடிபட்டால் மூளை வீங்கும். ரத்தத்திலிருக்கும் புரதம் குழாயை விட்டு மூளைக்குள் கசியும். எவ்வளவு கசிந்தது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. தலையில் அடிபடவைத்த எலியின் ரத்தத்தில் ஒரு நீலச் சாயத்தை ஏற்றுவோம். (முதல் எலி கடித்தபோது நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பே எழுந்து வந்தது.) சாயம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். பிறகு, மயக்கத்திலிருக்கும் எலியின் இதயம் வழியாக உப்புநீர் விட்டு, குழாய்களில் தங்கிய ரத்தத்தைக் கழுவ வேண்டும். அதற்கப்புறமும் மூளையில் நிற்கும் நீலம்தான் உண்மையான கசிவு. கழுவாமல் அளந்தால் கசியாததும் கணக்கில் சேர்ந்துவிடும்.

என்னோடு வேலை செய்த ஃபாத்திமா கடற்கரைப் பக்கத்துப் பெண். அவளுடைய அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து, எழுந்து, சோடா குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவன். மூளை வீங்கி இறந்துபோனான். அதற்காகவே இந்த ஆராய்ச்சிக்கு வந்தாள். வழிகாட்டி தயாரித்த மூலிகை மருந்து வீக்கத்தைக் குறைக்கும் என்று அவளும் நம்பினாள். ஆனால் மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் மூளை ஒரே நீலமாகத்தான் இருந்தது.

மருந்து கொடுக்காத எலிகளை மட்டும் கழுவ வேண்டாம் என்றார் அந்த மனிதர். அவை கருநீலமாகத் தெரியும், மருந்து ஜெயித்துவிடும். படித்த படிப்பு இதற்குத்தான் உதவியது.

"எங்க வீட்ல மீனையே ரத்தம் போகக் கழுவிட்டுத்தான் சார் ஆணத்துல போடுவாங்க" என்றாள் ஃபாத்திமா. ஆணம் என்றால் அவர்கள் வீட்டுக் குழம்பு; அவள் கொண்டுவருவதில் பாதி என் வயிற்றுக்குள்தான் போகும்.

"அப்ப வீட்லயே போயி மீன் கழுவும்மா."

அவளுடைய ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடவே இல்லை. நானும் சண்டை போட்டு வெளியே வந்தேன். எனக்கு வேறு வழிகாட்டி கிடைத்தார். அவளைப் பற்றி அந்த ஆள் பரப்பிய பேச்சில் யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்த ஆய்வகம் இல்லை; உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஃபாத்திமா எங்கிருக்கிறாள் என்று தெரியவில்லை. மருந்து மட்டும் இருக்கிறது. போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஓர் அம்மா அதை வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலையில் கட்டோடு அவர் மகன். அதை வாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

அவர் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். "ஆராய்ச்சி பண்ணுன மருந்துன்னு போட்டிருக்காங்களே தம்பி."