உள்ளங்கையில் ஒரு துளி

தொழிற்சாலை கேண்டீனில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறவளுக்கு அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளைவிட மூத்த ஃபோர்மேனும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நானூறு பேர் சாப்பாட்டில் ஒரு நாள்கூட உப்பு கூடியதில்லை, குறைந்ததில்லை. கரண்டியிலிருந்து ஒரு துளியை இடது உள்ளங்கையில் விட்டு நக்குவாள், ஒரு நொடி கண்ணை மூடுவாள். தீர்ப்பு வந்துவிடும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவளுடைய ஒரே தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் கிடந்தான். சோதித்துப் பார்த்ததில் அக்காவுடையதுதான் பொருந்தியது. "இன்னிக்கே ஒண்ண எடுத்துக்குங்க" என்று நின்றவளை டாக்டர் எடை மெஷினில் ஏற்றினார். எண்பத்தெட்டு கிலோ. பன்னிரண்டு குறைந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார். நாலு மாதம் கெடு. அதற்கு மேல் தம்பியின் இதயம் தாங்குவது சந்தேகம் என்றார்.

அன்றே அளவுச் சாப்பாடு அடைத்து வருகிற டயட் பெட்டிகளுக்கு ஆர்டர் சொல்லிவிட்டாள். வாரத்துக்கு ஒருமுறை வாசலில் வந்து இறங்கின. பெட்டிக்குள் நாலு துண்டுக் கோழி, ஒரு பிடி காய், மேலே ஒட்டிய லேபிளில் இத்தனை கலோரி என்று சத்தியப் பிரமாணம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் முதல் மாதம் ஐந்து கிலோ மளமளவென்று இறங்கியது. மெஷின் பராமரிப்புக்காகத் தொழிற்சாலையும் கேண்டீனும் மூடியிருந்த மாதம் அது.

கேண்டீன் திறந்த பிறகு முள் அசையவில்லை. எண்பத்து மூன்று. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் இருநூறு கிராம் ஏறியே இருந்தது. "பெட்டியத் தவிர ஒரு பருக்கை தொடல" என்று அக்கா சத்தியம் செய்தாள். அது உண்மை என்றுதான் அவள் நம்பினாள்.

தம்பி மனைவியால் நம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டாள்: "குடுக்க மனசு வரலன்னா சொல்லிடுங்க அண்ணி. நாங்க வேற வழி பாத்துக்கறோம்."

அக்கா வீட்டுக்கு வந்து அன்றைய பெட்டியைப் பிரிக்காமலே குப்பையில் போட்டாள். தூக்கி வளர்த்த தம்பி. அவனுக்குக் கொடுக்க மனசில்லை என்ற சொல்லைக் கேட்கவா இத்தனை நாள் வயிற்றைக் கட்டினோம் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை தம்பி மனைவி கேண்டீன் பின்வாசலில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். அக்கா நிமிரவில்லை, ஆறு அண்டாவும் ஒரே நேரத்தில் கொதித்துக்கொண்டிருந்தன. சூப்பில் ஒரு துளி, உள்ளங்கை, நாக்கு. பருப்பில் ஒரு துளி. கறி வெந்ததா என்று ஒரு துண்டு. கரண்டி ஓரத்தில் ஒட்டியதும் வீணாகாமல் வாய்க்கே போனது.

"அண்ணி, இது என்ன?"

"எது?"

"இப்ப வாயில போட்டீங்களே."

"ருசி பாத்தேன். ருசி பாக்கறது சாப்பாடா?"

"நான் வந்து அரை மணி நேரம்கூட ஆகல. முப்பத்தோரு தடவ பாத்துட்டீங்க."

அக்கா தன் இடது கையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை அவளுக்குத் தெரியாமலே அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டி வேலை செய்யுமா என்றால், செய்யும். பெட்டிக்கு வெளியே இருக்கிற வாய்க்கு யார் லேபிள் ஒட்டுவது?

"அய்யோ, ஒரு மாசத்த அநியாயமா விட்டுட்டேனே" என்றாள். தம்பி மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை.

அன்று முதல் ருசி பார்க்கும் வேலை பாத்திரம் கழுவுகிறவருக்குப் போனது. சிகரெட் பிடித்துப் பிடித்து நாக்கு செத்த மனிதர் அவர். எதைக் கொடுத்தாலும் "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்பார். வாரம் திரும்புவதற்குள் கேண்டீனில் தட்டுகளில் சாப்பாடு மீந்தது. "என்னக்கா, கடலயே கொண்டாந்து கொட்டிட்டியா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்பு மிஞ்சியதும் அங்கேதான் போனது. மானம் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இடது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு சமைத்தாள். பெட்டி நேரம் வந்தால் பெட்டி, வராவிட்டால் தண்ணீர்.

கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது முள் எழுபத்தாறில் நின்றது.

அறுவை முடிந்து ஒரு வாரம் கழித்து, தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தம்பியின் அறைக்கு நடந்தாள். அவன் முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய சாடை திரும்பியிருந்தது. தம்பி மனைவி வீட்டிலிருந்து சூப் கொண்டுவந்திருந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு சிட்டிகை உப்புக்கு டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார்.

"அண்ணி, உப்பு கூடிடுச்சோன்னு பயமா இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றவள், அக்காவின் இடது கையைத் தானே விரித்துப் பிடித்து ஒரு துளி விட்டாள்.

அக்கா நக்கினாள். கண்ணை மூடினாள். பயத்தில் அந்தச் சிட்டிகையைக்கூட முழுதாகப் போடவில்லை தம்பி மனைவி. சூப் சப்பென்று வெந்நீராக இருந்தது. தம்பி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அளவா இருக்கு" என்றாள். உப்பு விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது.