நிழலில் போட்ட துண்டு

நாற்கரச் சாலையின் நடுவே இருக்கிற அரளிச் செடிகளை வெட்டிவிடுவதுதான் எங்கள் ஆறு பேருக்கும் வேலை. எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி நிற்கும். அதன் வால்பக்கம் பெரிய பெட்டி ஒன்றை விரித்து வைத்திருப்பார்கள். தூங்கிக்கொண்டு வருகிற எவனாவது மோதினால் அந்தப் பெட்டி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், வண்டி எங்கள்மேல் ஏறாது. நாங்கள் அதை மெத்தை வண்டி என்போம். பாதி நாள் சும்மா நிற்கிற வண்டிக்கு ஒரு டிரைவர் வேறு. எழுமலைப் பக்கத்துக்காரன், என்னைவிட இளையவன், சிரிப்பென்பதே கிடையாது. எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

எல்லாம் நிழலால் வந்த வினை. திருப்பரங்குன்றம் மலை தூரத்தில் தெரிகிற அந்த இடத்தில் செடியைத் தவிர ஒன்றும் இல்லை. தை மாதம், வெயில் தெற்கே சாய்ந்திருந்தது. வடக்கே மதுரையைப் பார்த்து நின்ற லாரியின் முன்னால் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு நிழல் விழும். சோறு தின்ன வேறென்ன வேண்டும்? உட்கார்ந்தால் போச்சு, ஹாரனை அடித்துவிட்டு இறங்கி வந்துவிடுவான். பின்னால் இடித்தால் லாரி முன்னால் ஓடுமாம், அந்த இடம் காலியாகவே கிடக்க வேண்டுமாம். அம்புட்டுப் பெரிய லாரியை எவன் நகர்த்தப் போகிறான் என்று நானும் விடவில்லை. அன்றைக்குச் சண்டை முற்றிப்போய், சாலையோரத் தடுப்புக்கு அப்பால் இருந்த கருவேல மரத்தடிக்கு எல்லோரையும் விரட்டினான். முள்ளில் உட்கார்ந்து தின்னவா என்று கேட்டேன்.

"முள்ளுக் குத்துனா பிடுங்கிக்கிறலாம் யக்கா. போங்க" என்றான்.

எனக்கு வீம்பு. அவன் கேபினில் ஏறுகிற நேரம் பார்த்து, பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதுபோல, முன்சக்கரத்தை ஒட்டி என் துண்டை விரித்து அதன்மேல் தூக்குவாளியையும் வைத்தேன். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவதாக எண்ணம். தண்ணீர்க் கேன் மரத்தடியில் இருந்தது. சாலையைத் தாண்டிப் போய்க் கையை நனைத்தேனோ இல்லையோ, சத்தம் கேட்டது.

வாழைத்தார் ஏற்றி வந்த வேன். பெட்டி அப்பளமாக நொறுங்கியிருந்தது. வேன் டிரைவர் மூக்கில் ரத்தத்தோடு தானாகவே இறங்கிவிட்டான். லாரி மட்டும், எழுமலைக்காரன் சொன்ன மாதிரியே, முன்னால் ஓடி நின்றிருந்தது.

எங்கள் டிரைவர் கழுத்தைப் பிடித்தபடி இறங்கினான். லாரிக்கு அடியில் என் துண்டு கிடந்தது. பக்கத்தில் தகடாகிப்போன தூக்குவாளி, சிதறின சோறு. அதைப் பார்த்ததுதான் தாமதம், மண்டிபோட்டுத் தலையை உள்ளே விட்டு, "யக்கா... யக்கா..." என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டேன்.

"இங்கதான் இருக்கேன் தம்பி."

திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான். அப்பாடா என்று தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு வைய ஆரம்பித்தான் பாருங்கள், என் வம்சத்தில் ஒருத்தரையும் மிச்சம் வைக்கவில்லை. ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள் நான். அன்றைக்கு ஈரக் கையோடு வெயிலில் நின்று அத்தனையையும் கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் வையட்டும் என்றிருந்தது.