இரண்டு பாட்டில் பேட்டரி தண்ணீர்

எங்கள் கம்பெனியில் மொத்தம் ஏழு பேர். கள்ளக்குறிச்சியில் ஒரு டயர் கடைக்கும் தவிட்டு மண்டிக்கும் நடுவில் இருக்கிறோம். ஜவ்வரிசி ஆலைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்வது தொழில். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆராய்ச்சியில் எங்களையும் சேர்த்திருக்கிறார்கள் என்பதை என் வீட்டுக்காரர் இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

அது ஒரு கூட்டு ஆராய்ச்சி. சென்னையில் ஒரு பெரிய ஆய்வுக்கூடம், வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம், வடக்கே ஒரு மின்சாதனக் கம்பெனி, கடைசியாக நாங்கள். கடிதங்களில் எங்கள் பெயர் எப்போதும் கடைசி வரியில் வரும். சில சமயம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

மலைமேல் கரியாலூரில் ஒரு கொட்டகை. பகலில் கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகளின் மின்சாரத்தில் ஹைட்ரஜன் உண்டாகும். பொழுது சாய்ந்ததும் அது மறுபடி மின்சாரமாகி நான்கு தெருவிளக்குகளை எரிக்கும். இதில் எங்கள் பங்கு இரண்டு: தண்ணீர்த் தொட்டி, கணக்கு. தொட்டியை எங்கள் வெல்டிங் மேஸ்திரி செய்தார். கணக்கை நான் எழுதினேன்.

உப்பு சேர்ந்த தண்ணீரை அந்த இயந்திரம் தாங்காது. பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்த மாதிரித் தண்ணீர்தான் வேண்டும். எங்கள் பட்டறையிலேயே சுத்திகரித்து, திங்கள்தோறும் ஜீப்பில் கேன்களை மலைக்கு ஏற்றுவோம். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் மலைக்கார அம்மாள் காலையிலும் மாலையிலும் தொட்டியின் அளவையும் ஹைட்ரஜன் மீட்டரையும் படித்து எனக்கு போனில் குரல் செய்தி அனுப்புவார். நான் பதிவேட்டில் ஏற்றுவேன்.

எனக்கு இரண்டு நோட்டுகள். ஆபீஸ் பதிவேட்டில் எண்கள் மட்டும். வீட்டு டைரியில் மீதி எல்லாம்: என்ன குழம்பு, யார் வந்தார், எப்போது கரண்ட் போனது. இரண்டையும் கலக்கக்கூடாது என்பது என் விதி. வம்பு அந்த விதியில்தான் ஆரம்பித்தது.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர். பள்ளிக்கூடத்துக் கணக்குதான். இரண்டாவது மாதத்தில் அது உதைத்தது. சில நாள் சரியாக இருக்கும், சில நாள் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கூடுதலாகக் குறையும். குறைந்ததைக் குறைந்ததாகவே எழுதி அனுப்பினேன்.

உடனே ஆன்லைன் கூட்டம் போட்டார்கள். வெளிநாட்டு ஆய்வாளர், இயந்திரத்தின் சவ்வு வழியாகத் தண்ணீர் ஏதோ புது விதத்தில் தப்பிக்கிறது என்றார். ஐந்து நிறத்தில் வரைபடம் காட்டினார். சென்னை ஆய்வாளர் மரியாதையாகச் சொன்னார்: "எளிய காரணம், தொட்டியில் கசிவு இருக்கலாம். அடுத்த மாதத்துக்குள் தெரியாவிட்டால் தொட்டியை வேறு இடத்தில் வாங்கிவிடலாம்."

தொட்டி போனால் நாங்களும் போனோம். அது தவிர எங்களுடையது என்று அங்கே எதுவும் இல்லை.

மேஸ்திரி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா எழுதி வச்சிருக்க? என் வெல்டு ஒழுகுதா? சளி புடிச்சா என் மூக்கு ஒழுகும். என் வெல்டு ஒழுகாது."

"நான் ஒழுகுதுன்னு எழுதலிங்க. கொறையுதுன்னுதான் எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அன்றே மலை ஏறினார். தொட்டியைத் துடைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தாள் நனையவில்லை. அதை மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். மொறுமொறு என்றிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், மேஸ்திரி இருந்த இரண்டு நாளும் தண்ணீர்க் கணக்கு ஒரு சொட்டு பிசகவில்லை. அதையும் எழுதி அனுப்பினேன். அந்த இரண்டு நாள் கொட்டகையில் ஈரப்பதம் எவ்வளவு என்று வெளிநாட்டிலிருந்து கேட்டார்கள்.

முதலாளி பொறுமை இழந்தார். "ஆவியாயிடுச்சுன்னு எழுதிடுங்க மேடம்."

"மூடி போட்ட தொட்டி சார்."

"மூடி போட்டாலும் கொஞ்சம் ஆவி ஆகாதா?"

"மேஸ்திரி இருந்தப்போ மட்டும் ஆகலியே சார்."

அந்த ஞாயிறு மதியம் வீட்டில் கரண்ட் போனது. மின்விசிறி நிற்கவில்லை. "பாத்தியா, முன்னெல்லாம் அரைமணி நேரத்துல இன்வெர்ட்டர் கத்திடும். பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனதுல இருந்து ராஜா மாதிரி ஓடுது" என்றார் வீட்டுக்காரர்.

எந்தத் தண்ணீர் என்று டைரியைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: "ஜீப் டிரைவர் இரண்டு பாட்டில் பேட்டரி தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுஷன்." எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. காய்கறிக்காரரிடம் தராசு முள்ளைச் சரிபார்க்கிறவள் நான்.

மறுநாள் முதல்முறையாக டைரி ஆபீசுக்கு வந்தது. பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே தேதி. இரண்டு லிட்டர் குறைவு.

டிரைவரைக் கூப்பிட்டேன். "நான் எடுக்கலக்கா! கேட்டேன், அந்தம்மா குடுத்தாங்க. எல்லாருந்தான் வாங்கிக்கினு போறாங்க."

மேஸ்திரி, டிரைவர், நான் மூவரும் மலைக்குப் போனோம். அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை, விரல் விட்டு எண்ணினார். மினி பஸ்காரர், டிராக்டர்காரர், ரேடியோ செட் வாடகைக்கு விடுபவர். மலையில் பேட்டரி தண்ணீர் விற்கும் கடை இல்லை, வாங்க வேண்டுமானால் அத்தனை வளைவும் இறங்க வேண்டும். இங்கேயோ தொட்டி நிறைய இருக்கிறது.

"தண்ணி கேட்டா இல்லன்னு எப்படிங்க சொல்றது?"

"மேஸ்திரி இருந்தப்போ யாருக்கும் குடுக்கலியே?"

"அவரு மூஞ்சப் பாத்துட்டு யாரும் கேக்கலிங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க அளவு எவ்ளோன்னுதான கேட்டீங்க? ஒரு நாளு தப்பாச் சொன்னனா? ஏன் கொறஞ்சுதுன்னு கேக்கவே இல்லியே."

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் தொட்டியே அதிர்ந்தது.

அறிக்கை எழுத எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. திருட்டு என்று எழுதினால் அந்த அம்மாளுக்கு வேலை போகும். அது திருட்டும் இல்லை. "தொட்டியில் கசிவு இல்லை. கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது" என்று எழுதி, பட்டியல் இணைத்தேன். பட்டியலில் முதல் வரி: பதிவேடு எழுதுபவர் வீடு, இரண்டு லிட்டர். முதலாளி அந்த வரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அனுப்பச் சொன்னார்.

மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் மேஸ்திரி தேநீர் குடிக்கும்போதெல்லாம் என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். நான்காம் நாள் சென்னையிலிருந்து வந்தது: தொட்டி இருக்கட்டும். கேட்பவர்களுக்குத் தனிக் கேன் வையுங்கள், பதிவேட்டில் தனிப் பத்தி போடுங்கள். வெளிநாட்டு ஆய்வாளர் மட்டும் தன் வரைபடத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

மேஸ்திரி முதல் வாக்கியத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார். அச்செடுத்து வாங்கி, அந்தக் காய்ந்த செய்தித்தாளுக்குள் வைத்து மடித்துக்கொண்டு போனார்.

நான் கடையில் இரண்டு பாட்டில் பேட்டரி தண்ணீர் வாங்கி, மலைமேல் தனிக் கேனில் ஊற்றச் சொல்லி டிரைவரிடம் கொடுத்தேன். அவர் பாட்டில்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க வாங்கி அங்க ஊத்தி, உங்க இன்வெர்ட்டருக்கு அதையே நான் திரும்பக் கேட்டு வாங்கிக்கினு வரணுமாக்கா?"

இதை எந்த நோட்டில் எழுதுவது என்று யோசித்தேன். இரண்டிலும் எழுதினேன்.