கொழும்புக்குப் போகாத கார்

என் காரை எப்போது மாற்றுவது என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்படும் விஷயமாகிவிட்டது. ஒரு வாகனம் பழுதுபார்க்கும் செலவில் தன் விலையையே தின்னத் தொடங்கினால் உடனே விற்றுவிட வேண்டும் என்று மகன் கைபேசியைப் பார்த்து விதி சொல்கிறான். அந்த விதியை எழுதியவர் இலங்கைக்கு வந்ததில்லை போலும். இங்கே கார் பழசாகப் பழசாக விலை ஏறுகிறது. இறங்குவது நான் ஒருவன்தான். மனைவியின் விதி இன்னும் சுருக்கம்: பண்டாரவளை ஏற்றத்தில் பஸ் நம்மை முந்தினால் பொறுத்துக்கொள்ளலாம், ஆட்டோ முந்தினால் விற்றுவிட வேண்டும். நான் சாப்பாட்டில் கவனமாக இருப்பேன். இந்த வாதத்தின் இரண்டு பக்கங்களையும் சின்ன வயதிலேயே கேட்டு முடித்தவன் நான்.

அப்போது நாங்கள் மலைநாட்டில், பெரகல சந்தியில் குடியிருந்தோம். அப்பா வாடகைக் கார் வைத்து ஹயர் ஓடினார். கார் ஒரு காலத்தில் தோட்டத்துத் துரையுடையது. அவர் ஊரைவிட்டுப் போகும்போது பெரிய கிளாக்கருக்கு விற்றார். கிளாக்கருக்கு அது அலுத்தபோது அப்பாவிடம் வந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், செய்தவர்கள் நன்றாகத்தான் செய்திருப்பார்கள். எங்களிடம் வந்த காலத்தில் இடது கதவைக் கயிற்றால் கட்டியிருந்தோம். மழைக்கு வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஆடும். காலையில் இறக்கத்தில் தள்ளிவிட்டால்தான் கண் விழிக்கும்.

அதன் தலையாய குணம் வேறு. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை என்று மலைக்குள் எங்கு வேண்டுமானாலும் போகும். வழியில் இரண்டு மூன்று இடங்களில் நின்று தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். ஆனால் பெரகலவுக்குக் கீழே, கொழும்புப் பாதையில் இறங்கினால் திரும்பி ஏறாது. ஆகவே அப்பாவின் உலகம் சந்திக்கு மேலேயே முடிந்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் அப்புத்தளை வளைவில் பிரேக் கிறீச்சிடும். அதைக் கேட்டதும் அம்மா அடுப்பில் கேத்தலை வைப்பாள்.

வீட்டில் காரை விற்கும் கட்சிக்கு அம்மாதான் தலைவி. அவளுடைய தம்பி, என் மாமா, பேச்சாளர்.

"மச்சான், இந்தத் தகரத்த வித்துட்டு ரீகண்டிஷன் வேன் ஒன்னு எடுங்க. குவைத்துக்கும் சவுதிக்கும் வேலைக்குப் போற பொம்பளைங்க தோட்டத்துக்குத் தோட்டம் இருக்காங்க. கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா ஏர்போட்டுல எறக்கிட்டு மறுநாளே திரும்பிறலாம்."

"இந்தத் தீபாவளி போகட்டும்டா," என்பார் அப்பா. தீபாவளி போனால் பொங்கல், பொங்கல் போனால் கதிர்காமத் திருவிழா. கார் பெட்ரோலில் ஓடியதைவிடப் பண்டிகைகளில் ஓடியதுதான் அதிகம்.

"தீபாவளிக்கு எதுக்குங்க பட்டாசு வாங்குறீங்க? அதான் வாசல்ல தெனமும் வெடிக்குதே," என்பாள் அம்மா. கார் விலைபோனால் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டுதலும் வைத்திருந்தாள். எனக்கு வேனின் ஜன்னல் திரைகள் மேலும் கேசட் பெட்டி மேலும் ஆசை. அதனால் நானும் அவள் கட்சி.

பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் வெலிமடையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டினார். அந்த வருடம்தான் புத்தம் புது லொறி, மாலை போட்டு, பாட்டுப் பாடும் ஹோர்னோடு சந்திக்கு வந்தது. பிள்ளைகளைக் கண்டால் ஒருமுறை பாட வைத்துவிட்டுத்தான் போவார். ஒரு தடவை கேரட் ஏற்றிக்கொண்டு போனவர் வரவில்லை. ரேடியோவில் அடிக்கடி ஊரடங்கு சொன்ன காலம். சோதனைச் சாவடி, அடையாள அட்டை, ஆள எறக்கி வச்சுக்கிட்டாங்களாம் என்று பெரியவர்கள் ஏதோ பேசுவார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு லீக்ஸ், பீட்ரூட் விலைக்கு மாறிவிடும். வாகன விஷயத்தில் அப்போதே நிபுணனாகிவிட்ட நான், லொறி எங்கேயோ பழுதாகி நிற்கிறது, ரேடியேட்டராக இருக்கும் என்று அறிவித்தேன். "ஆமாடா, பழுதாத்தான் இருக்கும்," என்றார் அப்பா. என் கருத்தைப் பெரியவர்கள் இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

அதன்பிறகு வேன் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். மாமா விடவில்லை. பொங்கல் கழிந்ததும் அப்பா ஒருவழியாகச் சரி என்றார்.

வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் பார்க்க வந்தார். மகளுக்குக் கல்யாணம், மருமகனுக்குச் சீராகக் கொடுக்க ஒரு கார் தேவை. அப்பா காலையிலேயே காரைத் தள்ளி, எஞ்சினைச் சூடாக்கி, முன்பக்கம் இறக்கத்தைப் பார்க்க நிறுத்திவைத்திருந்தார். வியாபாரி கிழங்கு பொறுக்குவது போலவே கார் பார்த்தார்: தட்டினார், நகத்தால் சுரண்டினார், குனிந்து மோந்தார்.

"வயசான வண்டிதான் தம்பி. ஆனா நல்ல கைபட்டிருக்கு."

"துரை வண்டிங்க! தங்கம்!" என்றார் மாமா. அதைத் தகரம் என்று நேற்றுவரை சொன்னதும் அதே வாய்தான்.

விலை படிந்தது. வெற்றிலை பாக்கு மாற்றி அச்சாரம் வாங்கலாம் என்று அப்பா கடைக்கு ஓடினார். அம்மா டீயும் கிரீம் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா அந்தக் காரில் ஆடு ஏற்றியிருக்கிறார், முட்டைக்கோவா மூட்டை ஏற்றியிருக்கிறார், நிறைமாதக்காரிகளை ஏற்றியிருக்கிறார். பதுளை ஆஸ்பத்திரி வரை பொறுக்காமல் தெமோதரை வளைவில் ஒரு பிள்ளை அதிலேயே பிறந்தும் இருக்கிறது. பிணம் மட்டும் ஏற்றமாட்டார். பிணம் ஏறிய வண்டியில் கல்யாணப் பெண் ஏறமாட்டாள். அதனால் சொந்தக்காரர்களின் பகையைக்கூடச் சம்பாதித்திருந்தார்.

"மகளுக்காங்க அண்ணே?" என்றாள் அம்மா. "மகராசியா இருக்கட்டும். பயப்படாம எடுத்துட்டுப் போங்க. போன மாசம் பொணம் ஏத்துனதுக்கப்புறம் பின் சீட்டெல்லாம் மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கழுவிட்டேன். இப்ப வாடையே இல்ல."

வியாபாரியின் கையிலிருந்த டீ அந்தரத்தில் நின்றது. மாமாவின் வாய் திறந்தபடி இருந்தது. "பொய்! அப்பா பொணம்..." என்று நான் ஆரம்பிக்க, அம்மா ஒரு முழு பிஸ்கட்டை என் வாயில் திணித்தாள். விருந்தாளிக்கு வைத்ததில் எனக்கு அதுவரை பாதிகூடக் கிடைத்ததில்லை. உண்மையா பிஸ்கட்டா என்று யோசிக்கும்போதே அது கரையத் தொடங்கிவிட்டது.

அப்பா வெற்றிலையோடு வந்தபோது வியாபாரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து நின்றார். போகும்போது காரின் மேல் உடம்பு படாமல் சுற்றி நடந்தார்.

"அக்கா, ஒனக்கென்ன பைத்தியமா? பொணம் ஏத்துன வண்டின்னு சொன்னா எவன் வாங்குவான்?" என்று மாமா குதித்தார்.

"ஏம்புள்ள அப்புடிச் சொன்ன?" என்றார் அப்பா.

"வாய் தவறிருச்சுங்க."

"இம்புட்டு நீளத்துக்கா தவறும்?"

அந்த நேரம் கொழும்பிலிருந்து வரும் பஸ் சந்தியில் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல ஓடிப்போய்க் கண்டக்டரிடம் எதையோ கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பஸ் போனது. அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த வெற்றிலையை மடித்து, பாக்கு வைத்து, தானே போட்டுக்கொண்டார்.

மறுநாள் பண்டாரவளைக்குப் போய் அந்தக் காருக்கு ஒரு பழைய ரேடியேட்டர் வாங்கிவந்து மாட்டினார். மேற்கொண்டு எந்தப் பண்டிகையையும் அவர் தவணை சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மாமா கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் டீ குடிக்காமல் கோபம் காத்தார்.

என் கோபம்தான் ஆறவில்லை. ஜன்னல் திரை போயிற்று, கேசட் பெட்டி போயிற்று. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் நியாயம் பேசினேன்.

"புது வேனுன்னா வழியில எங்கயும் நிக்காதும்மா. போன வேகத்துல திரும்பி வந்துரும்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அந்த லொறியும் புதுசுதான்டா."

அது உண்மைதான். நான் அதை யோசிக்கவே இல்லை. புது எஞ்சின், புது டயர், ரேடியேட்டர் கொதித்திருக்கவும் வழியில்லை. வாசலில் நின்ற எங்கள் காரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த பழுதுகளையெல்லாம் ஒவ்வொன்றாக அந்த லொறிக்குப் பொருத்திப் பார்த்தேன். கொழும்பிலிருந்து வர இவ்வளவு நாள் எடுக்கும்படியான பழுது ஒன்றுகூட அகப்படவில்லை.