மாதையண்ணன் மண்டபமும் எங்க எட்டுச் சக்கரமும்

கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு ரோலர் டெர்பி ஆடுறவங்களுக்கு, அதுவும் தர்மபுரியில ஆடுறவங்களுக்கு, காலண்டர்ல முகூர்த்த நாளுன்னா ஆகவே ஆகாது. ஊர்ல எத்தனை நாள் கல்யாணமோ அத்தனை நாள் எங்களுக்குத் தரை கிடையாது. ரோட்டுல ஜல்லி. பள்ளிக்கூட மைதானத்துல மண்ணு. சக்கரம் ஒழுங்கா ஓடுற மாதிரி சுத்துவட்டாரத்துல இருக்கறது கல்யாண மண்டபத்துக் கிரானைட் ஒண்ணுதாங்க. உங்களுக்கும் இப்படி ஏதாச்சும் ஒரு கிறுக்கு பிடிச்சு, அதுக்கு இடம் தேடி நாயா அலைஞ்சிருந்தீங்கன்னா என் வேதனை புரியும்.

முதல் கேள்வி

அதியமான்கோட்டைகிட்ட ஹைவேயை ஒட்டி ஒரு மண்டபம். மேனேஜர் பேரு மாதையண்ணன். அவருகிட்ட நானும் ரோஸ்லினும் போயி நின்னோம். நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன். ரோஸ்லின் பென்னாகரத்துக்காரி, டீச்சர். "என்னம்மா ஆட்டம் அது?"ன்னு அவரு கேட்டதுதான் தாமதம், நான் ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு டீமுங்கண்ணா, டீமுக்கு அஞ்சு பேரு, எல்லாரு கால்லயும் சக்கரம். முட்டை மாதிரி கோடு போட்டு அதுக்குள்ள சுத்துவோம். ஹெல்மெட்டுல நட்சத்திரம் போட்டவ எதிர் டீம் ஆளுங்களைத் தாண்டணும், தாண்டுற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பாயிண்ட். அவங்க இடுப்பாலயும் தோளாலயும் இடிச்சு மறிப்பாங்க. அதோட நிறுத்தியிருக்கலாம். எந்த இடி தப்பு, எது தப்பில்லைன்னு நான் விதிகளுக்குள்ள போக, ரோஸ்லின் என் காலை நல்லா மிதிச்சா.

முகூர்த்தம் இல்லாத நாள்ல வந்துக்கங்கன்னு மனுஷன் ஒத்துக்கிட்டாரு. ஆனா ஒரு கண்டிஷன். தரையில ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் அன்னியோட சரி. கதவைப் பூட்டிடுவாரு, ஓனரு அவரு வேலைக்கே உலை வெச்சிடுவாரு. இந்த மண்டபம் போச்சுன்னா எங்க டீமே போச்சுங்க. நான் பயந்து நிக்கும்போது அண்ணன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே கேட்டாரு: "எல்லாஞ் சரிம்மா, பந்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே. பந்து எங்க?"

தாலி கட்டுற நேரத்துல

சக்கரத்துல பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும். நம்பர் கூடக்கூட சக்கரம் கெட்டி. கெட்டிச் சக்கரம் வேகமா ஓடும், ஆனா பளபளன்னு இருக்கற தரையில வழுக்கிவிடும். மெத்துச் சக்கரம் பிடிப்பா நிக்கும், ஆனா கொஞ்சம் சுத்துனதுமே தொடை கெஞ்சும். ரெண்டுக்கும் நடுவுல எது சரின்னு வாங்கி வாங்கிப் பாத்து, எங்க வூட்டு பீரோவுல சேலையை ஒதுக்கிட்டு சக்கரத்தை அடுக்கி வெச்சிருக்கேன். எந்த ஊருத் தரையில கால் வெச்சாலும் இதுக்கு எந்த நம்பர்னுதான் புத்தி போவும்.

காரிமங்கலத்துல என் வீட்டுக்காரரோட சித்தி மகளுக்குக் கல்யாணம். மேளம் கொட்டுது, மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்துட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க. நான் செருப்பைக் கழட்டிவிட்டு ஒரு காலைத் தரையில முன்னாடியும் பின்னாடியும் தேச்சுப் பாக்குறேன். என்னா பிடிப்புங்க! மாதையண்ணன் தரையெல்லாம் இதுக்குக் கிட்டயே நிக்க முடியாது. "அடக் கடவுளே, இது முன்னாடியே தெரியாமப் போச்சே!"ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன பொண்ணோட அம்மாவுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. என் கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்க: "மாப்பிள்ளையைப் பத்தியா கலா? என்னன்னு இப்பவாச்சும் சொல்லிடும்மா!"

அட்சதை

கல்யாணம் முடிஞ்ச மறுநாள்தான் எங்களுக்கு நிஜமான ஆபத்து. கூட்டுவாங்க, கழுவுவாங்க, அப்பவும் அட்சதை அரிசி ஒண்ணு ரெண்டு எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும். வேகமா ஓடும்போது சக்கரத்துக்கு அடியில ஒரு அரிசி சிக்குச்சுன்னா சக்கரம் டக்குனு நின்னுடும், ஆளு நிக்கமாட்டா. ஆளு விழுந்தா தரையில கீறல். அதனால ஹெல்மெட், முட்டிக்குக் கவசமெல்லாம் மாட்டிக்கிட்டு டீமே மண்டிபோட்டு அரிசி பொறுக்கும். செல்போன் லைட்டைத் தரையோட தரையா சாய்ச்சுப் புடிச்சா அரிசிக்கு நீளமா நிழல் விழும். இது என் கண்டுபிடிப்புங்க, பெருமைக்குச் சொல்றேன்.

ஒருநாள் அப்படிப் பொறுக்கிட்டிருக்கும்போது, மண்டபம் பாக்க ஒரு குடும்பம் உள்ள வந்துடுச்சு. ஹெல்மெட் போட்ட பொம்பளைங்க தரையில ஊர்ந்துக்கிட்டிருந்தா யாருக்குத்தான் திக்குனு இருக்காது? பெரியவரு வாசப்படியிலயே நின்னுட்டாரு. போச்சு, இந்த புக்கிங் நம்மளாலதான் போச்சுன்னு நான் ஹெல்மெட்டைக் கழட்டப் போனேன். மாதையண்ணன் அசரவே இல்ல. "உள்ள வாங்க, உள்ள வாங்க. நம்ம மண்டபத்துல கிளீனிங் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுங்க. ஹெல்மெட் இல்லாம யாரையும் தரையைத் தொடவே வுடறதில்லீங்க."

சந்தை நாள் பஸ்

ஆட்டத்துல ஒரு விதி. ஒருத்தி உன்னை இடிச்சுக் கோட்டுக்கு வெளிய தள்ளிட்டா, திரும்ப உள்ள வரும்போது அவளுக்குப் பின்னாடிதான் வரணும். முன்னாடி வந்தா பெனால்டி. எனக்கு இது மறந்து மறந்து போவுதுன்னு காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மந்திரம் மாதிரி சொல்லிச் சொல்லி மனசுல ஏத்துனேன். ஏறிடுச்சு. காரிமங்கலம் சந்தை அன்னிக்கு நானும் ரோஸ்லினும் பிராக்டீசுக்குப் பஸ் ஏறப் போனோம். ஒரு அம்மா கூடையால என்னை ஒரு இடி இடிச்சு படியிலிருந்து கீழ தள்ளிட்டாங்க. நான் கோவிச்சுக்கவே இல்ல. மரியாதையா சுத்திவந்து அவங்க முதுகுக்குப் பின்னாடி நின்னேன். அடுத்தவரு இடிச்சாரு, அவருக்குப் பின்னாடி போனேன். பஸ் ரொம்பிடுச்சு. ஜன்னல் வழியா ரோஸ்லின் கத்துறா: "அக்கா, இங்க பெனால்டியெல்லாம் யாரும் போடமாட்டாங்க! இடிச்சுக்கிட்டு ஏறுங்கக்கா!"

ஆடி மாசத்து மேட்ச்

ஆடியில ஜில்லா பூரா கல்யாணம் கிடையாது, எங்களுக்கு மட்டும் கொண்டாட்டம். ஓசூர் டீமைக் கூப்பிட்டிருந்தோம். கோடு போட எந்த டேப்பு பிசின் விடாம உரியும்னு எங்க வூட்டுச் சமையக்கட்டுத் தரையில ஒவ்வொண்ணா ஒட்டிப் பாத்தேன். என் வீட்டுக்காரரு அதையெல்லாம் தாண்டிக் குதிச்சுத்தான் தண்ணி குடிச்சாரு. இத்தனையும் எதுக்குன்னா, மேட்ச் பாக்க ஓனரே வர்றாருன்னு மாதையண்ணன் சொல்லிட்டாரு. அவரு பாத்துட்டு வேண்டாம்னா அன்னியோட முடிஞ்சுது.

ஓனரு முன் வரிசையில உக்காந்துட்டாரு. நட்சத்திரம் என் தலையில. ரெண்டு பேரைத் தாண்டிட்டேன். மூணாவது ஆளு இடுப்பால ஒரு இடி, நான் பறந்துபோயி விழுந்தேன். கரக்குனு ஒரு சத்தம். சத்தம் வந்தது என்கிட்ட இருந்தா, தரையில இருந்தான்னு தெரியல. சாமி சத்தியமா, தரையா மட்டும் இருக்கக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன். மாதையண்ணன் ஓடி வந்தாரு. என்னைத் தாண்டிப் போயி மண்டிபோட்டு, துண்டால தரையைத் துடைச்சு, செல்போன் லைட்டைச் சாய்ச்சுப் புடிச்சு, விரலால தடவித் தடவிப் பாத்தாரு. "அண்ணா, தரை?"ன்னு கேட்டேன். அவரு ஓனரைப் பாத்து ஒண்ணுமில்லைன்னு தலையாட்ட, ஓனரும் ஆட்டம் நடக்கட்டும்னு கையைக் காட்டிட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அத்தனை சந்தோஷம். அப்புறந்தான் அண்ணன் என் பக்கம் திரும்பினாரு: "தரைக்கு ஒண்ணும் ஆவலம்மா. ஒடைஞ்சது உன் கையிதான்."

எலும்பு அதும்பாட்டுக்குக் கூடிக்கும், கிரானைட்டு கூடிக்காதுங்களே, எங்க ஆட்டத்துல நிம்மதின்னா அவ்வளவுதாங்க.