டீச்சரோடு ஒரே வகுப்பில்

பாடசாலையில் உயர்தரம் முதலாம் வருடம் படிக்கும்போதே புத்தளம் நகரில் ஒரு பல்கலைக்கழகப் பாடநெறியிலும் சேர்ந்தேன். ஞாயிறு மட்டும் வகுப்பு. அங்கே சித்தியடையும் பாடங்களின் கிரெடிட் பிறகு பட்டப்படிப்பிலும் சேரும், அவற்றை மறுபடி படிக்கத் தேவையில்லை என்று விளம்பரத்தில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே வாப்பா சம்மதித்தார்.

முதல் நாள் வகுப்பில் வங்கியிலும் கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகத்திலும் வேலை செய்பவர்கள்தான் நிறைய இருந்தார்கள். மூன்றாவது வரிசையில், பாடசாலையில் எனக்கு வணிகக் கல்வி படிப்பிக்கும் டீச்சர் இருந்தார். பயிற்சிச் சான்றிதழோடு ஆசிரியையானவர்; பட்டம் இல்லை. பாலாவியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.

"டீச்சர், நீங்களுமா?"

"ஓம். இங்க டீச்சர் எண்டு கூப்பிடாத. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க."

"அப்ப என்னண்டு கூப்பிடுற?"

"ராத்தா எண்டு சொல்லு."

டீச்சரை அக்கா முறை வைத்துக் கூப்பிட என்னால் முடியவில்லை. ஞாயிறுகளில் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசப் பழகினேன்.

புள்ளிவிபரவியல் அவருக்குப் பிடிபடவில்லை. தேத்தண்ணி இடைவேளையில் கணக்கு எழுதிய கொப்பியை என் பக்கம் தள்ளுவார். நான் செய்து காட்டுவேன். திங்கட்கிழமை அவர் கரும்பலகைக்கு முன்னால் நிற்பார், நான் வாங்கில் இருப்பேன். ஞாயிறைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை.

வருட முடிவில் பெறுபேறு வந்தது. நான் எழுதிய இரண்டு பாடங்களும் சித்தி. அவர் புள்ளிவிபரவியலில் தவறிவிட்டார். அதே மாதம் பாடசாலைத் தவணைப் பரீட்சையில், அவர் படிப்பிக்கும் பாடத்திலேயே எனக்கு நாற்பத்தொரு புள்ளிதான். பெற்றோர் கூட்டத்துக்கு வாப்பா வந்தார்.

"மகள் ஞாயிறு வகுப்ப நிப்பாட்டினா நல்லம்," என்றார் டீச்சர். "உயர்தரம் முடியட்டும். பிறகு போகலாம்."

தில்லையடியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து சொன்னேன்: "தவறின ஆத்திரத்துல சொல்றாங்க, வாப்பா."

"தவணைப் பரீட்சையில ரெண்டு கேள்விக்கு நீ ஒண்டும் எழுதல்லயே. அதுவும் அவங்கட ஆத்திரமா?"

ஞாயிறு வகுப்பை நிறுத்தினேன். சில மாதங்கள் டீச்சரின் முகத்தைப் பார்க்காமலே பாடம் கேட்டேன். அவர் வழக்கம்போலப் படிப்பித்தார், வழக்கம்போலக் கேள்வி கேட்டார்.

உயர்தரப் பெறுபேறு ஓரளவு நன்றாக வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் பதியப் போனபோது, அங்கிருந்த அலுவலர் பழைய பெறுபேற்றைப் பார்த்துவிட்டு நான் படிக்கவேண்டியவற்றில் இரண்டு பாடங்களைக் குறைத்தார். ஐந்து நிமிட வேலை.

டீச்சர் சொன்னது அக்கறையா, ஆத்திரமா என்று இன்றும் தெரியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம். அவரும் மறுபடி எழுதிச் சித்தியடைந்ததாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்லப் போகவில்லை. போயிருக்கலாம்.